மொட்டைமாடிச் சட்டம்

மாசி மாதத்துச் சாயங்காலங்களில் ஏகாம்பரநாதர் கோபுரம் எங்கள் மொட்டைமாடியை நோக்கி மெல்ல நகர்ந்து வருவதாக என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "நேத்து அந்த வேப்பமரத்துக்கு அந்தாண்ட இருந்துது. இன்னைக்கு இந்தாண்ட வந்துக்கினு இருக்குது பாரு." நானும் கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பேன். கோபுரம் இருந்த இடத்தில்தான் இருக்கும். ஆனாலும் அவர் சொல்கிற விதத்தில் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும்.

அவரை அப்படிப் பேச வைத்தது கஞ்சா இலை. பாலில் போட்டுக் காய்ச்சி வடிகட்டி, தினமும் சாயங்காலம் அரை டம்ளர் நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். மூடி மறைத்துப் பேசுவது எனக்கு வராது. வாழ்க்கையில் நான் மறைத்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவருக்கு முதுகெலும்பில் புற்றுநோய். வேறெங்கோ ஆரம்பித்து, நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் எலும்புக்கு வந்திருந்தது. இளவயதில் தறிக்குழியில் உட்கார்ந்த இடுப்பு, அப்படித்தான் வலிக்கும் என்று ஆடி மாதம் முழுக்கத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் வலிக்கு மட்டும்தான் வைத்தியம் என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை வலியைக் கொஞ்சம் அடக்கியது, வயிற்றைச் சுத்தமாகக் கட்டியது. சோற்றைக் கண்டாலே குமட்டல். மல்லாந்து படுக்க முடியாது, ஒருக்களிக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேசையில் தலையைக் கவிழ்த்துக் கண்ணை மூடுவார். "ஒரு தபா, ஒரே ஒரு தபா பாய்ல நீட்டிப் படுத்துத் தூங்கிட்டேன்னா போதும்," என்பார். மனுஷன் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் ஒரே மகள் கனடாவில் இருக்கிறாள். அங்கே கஞ்சா கடையிலேயே கிடைக்கிறது. வலிக்காரர்கள் நிறைய பேர் வாங்குகிறார்கள் என்று சொன்னவள், ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் போனைத் திருப்பிக் காட்டினாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்ட கடை. வயதான ஒரு அம்மாள் உள்ளே போய், சின்னக் காகிதப் பையோடு வெளியே வந்து, பஸ்ஸுக்கு நின்றாள்.

"பால் பாக்கெட் வாங்கினு போற மாதிரி போறாங்க பாருங்கப்பா," என்றாள் மகள். "நம்ம நாட்டுலயும் மாறிடும். எல்லாரும் பேசிக்கினுதான் இருக்காங்க. கோர்ட்ல கேஸ் கூட போட்டிருக்காங்க. ஒரு அஞ்சு வருஷம்."

"அஞ்சு வருஷமா," என்றார் இவர். "சரிம்மா. நான் வெயிட் பண்றேன்னு சொல்லி வை."

நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய் அழுதேன்.

இந்தச் சட்டம் என்னதான் சொல்கிறது என்று அப்போதுதான் விசாரிக்கப் போனேன். தெருமுனையில் இருக்கும் நோட்டரி வக்கீல் பொறுமையாகச் சொன்னார். பூ குற்றம். இலையும் விதையும் தனியாக இருந்தால் அது சட்டத்தின் கண்ணில் கஞ்சாவே இல்லை. ஆனால் அந்த இலையைத் தருகிற செடியை வளர்த்தால் குற்றம், ஜெயில். வடக்கே சில ஊர்களில் அரசாங்க உரிமத்தோடு இலையை அரைத்து விற்கிறார்கள், சிவராத்திரிக்கு ஜனங்கள் வாங்கிக் குடிக்கிறார்கள். "செடி இல்லாம எலை எங்கேர்ந்து சார் வரும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா," என்றார். இலையில் செய்த எண்ணெயைச் சட்டப்படியே தபாலில் வரவழைக்கலாம், வைத்தியர் சீட்டு மட்டும் வேண்டும் என்று மகள் கண்டுபிடித்துச் சொன்னாள். இரண்டு வைத்தியர்களிடம் போனேன். இரண்டு பேரும் கஞ்சா என்ற வார்த்தையைக் கேட்டதும் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்கும்மா வம்பு," என்றார்கள். எனக்கு வந்ததே கோபம், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்தேன்.

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போகிற வடக்கத்திச் சாமியார்கள் சிலர் கோயில் மதிலோரம் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் போய், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் பையைத் துழாவி ஐந்து விதைகளை என் உள்ளங்கையில் போட்டு, என் விரல்களை அவரே மூடிவிட்டார். பழைய பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு மண் நிரப்பி மாடியில் விதைத்தேன். ஒன்றுதான் பிழைத்தது.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நெசவாளர் சங்கத்தில் சேலைகளைப் புரட்டிப் பார்த்துத் தரம் சொல்கிற வேலையில் முப்பது வருஷம் இருந்தவர். ஓர் இழை விட்டிருந்தாலும் சேலையை ஒதுக்கி வைத்துவிடுவார். என் தம்பி நெய்த சேலையையே, நான் அவ்வளவு கெஞ்சியும், திருப்பி அனுப்பினார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனிக்கவே இல்லை. அப்படிப்பட்டவர் செடி விஷயத்தில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "வளக்கறதுன்னா வளத்துக்கோ. ஆனா மறைக்கக் கூடாது. யாருனா கேட்டா உள்ளதைச் சொல்லிடுவேன்." அதனால் வாளி துளசிக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவரோரம், ஊருக்கே தெரிகிற மாதிரி நின்றது.

பக்கத்து வீட்டுக்காரி தெலுங்குக்காரி. நான் அவளை வதினா, அதாவது அண்ணி, என்பேன், அவளும் என்னை வதினா என்பாள். ஒருநாள் அவள் வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "வதினா, கோங்குரா போட்டிருக்கியே, ரெண்டு கொத்து குடு, தொக்கு பண்றேன்," என்றாள். புளிச்சக்கீரை இலையும் இதன் இலையும் தூரத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் நாற்காலியிலிருந்தே, "அது கோங்குரா இல்லம்மா, கஞ்சா," என்றார். வதினா சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். அன்றிலிருந்து துணி காயப்போடும்போதெல்லாம் ஒரு நீளச் சேலையை எங்கள் பக்கம் போட்டுச் செடியை மறைத்துவிடுவாள். இவர் அதை எடுக்கச் சொல்வார்.

தை கடைசியில் முதல் பால். குடித்து ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, "பசிக்குது," என்றார். எத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்ட வார்த்தை. இரண்டு இட்லி, மிளகாய்ப் பொடியோடு. பிறகு மாடியில் பாயை விரிக்கச் சொன்னார். முதலில் உட்கார்ந்தார், பிறகு ஒரு கையை ஊன்றினார், பிறகு நீட்டிப் படுத்தார். கீழே தெருவில் ஓடிய தறிச் சத்தத்தைக் கேட்டு, "தறிய யாரோ தண்ணிக்குள்ள வெச்சு ஓட்றாங்க," என்றார். கிளிகள் கோபுரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் தூங்கிப்போனார். எழுந்தால் கொலுசு சத்தம் போடுமே என்று நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என் வாயில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. ஆனால் அந்த ஒன்றரை மாதமும் நானும் மயக்கத்தில்தான் இருந்தேன். வெயில் சுவரில் ஏறுவதையும் இறங்குவதையும் இரண்டு பேரும் வேலையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பங்குனி உற்சவத்துக்கு நாலு நாள் இருந்தது. விடியற்காலையில் வதினா வீட்டுப் பாவு தெருவில் நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றும் முன், சேலையின் நீள இழைகளான பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தெளித்துக் காய வைப்பது எங்கள் வழக்கம். ஒரு கோடியைக் கட்டையில் கட்டிவிட்டு, மறுகோடித் தடியை ஆள் பிடித்து விறைப்பாக நிற்க வேண்டும். காய்கிற வரைக்கும் கையை விடக் கூடாது. விட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூன்று சேலைப் பாவு பாழாகிவிடும். ஈரப் பாவை யாரும் தாண்ட மாட்டார்கள், அடியில் குனிந்தும் போக மாட்டார்கள். வதினாவின் வீட்டுக்காரருக்குக் கை சுளுக்கு என்று அன்று தடியை நான் பிடித்திருந்தேன். அரக்கு நிறப் பாவு. பனியில் அதன் அந்தக் கோடி தெரியவில்லை, எங்கிருந்தோ வந்து என் கையில் முடிகிற மாதிரி இருந்தது.

அந்தப் பனிக்குள்ளிருந்து போலீஸ் ஜீப் வந்து நின்றது.

டிரைவர் ஹாரன் அடித்தார். வதினாவின் வீட்டுக்காரர் கையைத் தூக்கி, "ஈரமா இருக்குது சார், ஒரு பத்து நிமிஷம்," என்றார். ஜீப்பிலிருந்து ஒரு எஸ்.ஐ. இறங்கினாள். சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். பாவின் ஓரமாகவே நடந்து என்னிடம் வந்தாள். "தெரு சங்கத் தலைவர் வீடு எதும்மா?"

தெரு சங்கத் தலைவர் என் வீட்டுக்காரர்தான். வீடு பாவுக்கு அந்தப் பக்கம்.  யாரோ சொல்லிவிட்டார்கள் என்றே முடிவு செய்தேன். ஓடிப்போய் ஒரே பிடியில் பிடுங்கி எறிந்துவிடலாம். ஆனால் தடி கையில் இருக்கிறது, விட்டால் வதினா வீட்டு இரண்டு மாதச் சோறு போய்விடும். நின்ற இடத்திலேயே நான் மாடிக்கு ஓடினேன், செடியைப் பிடுங்கினேன், பின்சந்தில் வீசினேன், கிணற்றில் போட்டேன், எல்லாவற்றையும் மென்று தின்றும் முடித்தேன். கை மட்டும் தடியை விடவில்லை.

மேலிருந்து இவர் குரல் வந்தது. "இங்கதாம்மா. மேல வாங்க. என்னால எறங்க முடியாது, தப்பா நெனைக்காதீங்க." கைப்பிடிச் சுவருக்கு மேலே அவர் தலை, பக்கத்தில் அந்தச் செடியின் தலை. வீம்பு பிடித்த மனுஷன்.

அந்தப் பெண்ணும் பாவைத் தாண்டவில்லை. காய்ந்து சுருட்டுகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு அவள் முன்னால், நானும் வதினாவும் பின்னால் மாடி ஏறினோம். வந்த விஷயம் ஒன்றுமே இல்லை. உற்சவத்துக்காக வண்டிகளை எங்கள் தெரு வழியாகத் திருப்பிவிடப் போகிறார்களாம், பத்து நாளைக்குத் தெருவில் பாவு போடக் கூடாது, சங்கத்தின் சார்பில் ஒரு கையெழுத்து வேண்டும். இவர் தாளை வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தாளை வாங்கும்போதுதான் அவள் வாளியைப் பார்த்தாள்.

"அது என்ன செடிங்க ஐயா?"

"கோங்குரா மேடம்," என்றாள் வதினா, மூச்சு விடாமல். "எங்க ஆளுங்க கீரை. நான்தான் வெச்சேன்."

அவள் வதினாவைப் பார்க்கவில்லை. இவரையே பார்த்தாள். "அப்படிங்களா ஐயா?"

என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன். எங்கேயோ ஒரு தறி ஓட ஆரம்பித்தது, நின்றது.

"ஆமாம்மா," என்றார் இவர். "கோங்குரா."

கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடம்பப் பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். படியில் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, மெதுவாகச் சொன்னாள். "அம்மா, அந்தக் கீரை மொட்டு வெச்சிடுச்சு. பூத்துதுன்னா வாசனை தெருவுக்கே வரும். எலையா இருக்கறப்பவே கிள்ளிடுங்க." இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பாமலே, "எங்கப்பாவுக்கும் இதேதான்," என்றாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். நானோ சந்தோஷத்தில் ஓடிப்போய் ஒன்று விடாமல் அவரிடம் ஒப்பித்தேன். 

"ஒரு செடிக்கு மூணு பேரு பொய் சொல்லிட்டோம்," என்றார் அவர். "பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க, நான் சொன்னேன். அந்தப் பொண்ணு காக்கி சட்டையப் போட்டுக்கினு, தெரிஞ்சும் தெரியாத மாதிரி எறங்கிப் போவுது. நாளைக்கு யாருனா கேட்டா அதும் வேலை போயிடும். எல்லாம் நான் ஒருத்தன் தூங்கணும்னு."

அன்று சாயங்காலம் பாலை நீட்டினேன். வேண்டாம் என்றார். கெஞ்சினேன், திட்டினேன், டம்ளரைத் தரையில் நங்கென்று வைத்தேன். "சட்டம் மாறட்டும், குடிக்கிறேன்," என்றார். மாறுவதற்குள் நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கினேன்.

பதினோரு நாள். உற்சவம் நடந்தது, நாதஸ்வரம் நாலு தெரு தள்ளிக் கேட்டது, வண்டிகள் எங்கள் தெரு வழியாகப் போய்க்கொண்டே இருந்தன. அவர் நாற்காலியில் உட்கார்ந்து மேசையில் தலையைக் கவிழ்த்திருந்தார். இட்லி போய்க் கஞ்சியானது, கஞ்சி போய் வெந்நீரானது. போனில் மகள் வரும்போதெல்லாம், "இன்னைக்கு ஏதாவது வந்துதாம்மா?" என்று கேட்பார். அவளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். "இல்லப்பா, பேசிக்கினுதான் இருக்காங்க," என்பாள். பேப்பரைப் பிடிக்க அவருக்குக் கையில் வலு இல்லாததால் காலையில் நான்தான் படித்துக் காட்டுவேன். தினமும் கடைசியில், "அதைப் பத்தி ஒண்ணும் போடலையா?" என்பார். "போடலைங்க," என்பேன்.

பன்னிரண்டாம் நாள் காலை வழக்கம்போலப் பேப்பரைப் பிரித்தேன். தக்காளி விலை படித்தேன், ஏரித் தண்ணீர் படித்தேன். பக்கத்தைத் திருப்பி, குரலை ஏற்றாமல் இறக்காமல் படித்தேன். "கஞ்சா மீதான தடை நாடு முழுவதும் நீக்கம். வலி நோயாளிகள் வீட்டிலேயே செடி வளர்க்கலாம். நாடாளுமன்றத்தில் மசோதா நிறைவேறியது." நான் விரல் வைத்திருந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம் இருந்தது.

அவர் தலையைத் தூக்கினார். "இன்னொரு தபா படி."

ஒரு வார்த்தை மாறிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டு மறுபடி படித்தேன்.

"என்னைலேர்ந்து?"

"உடனடியாக அமலுக்கு வருகிறதுன்னு போட்டிருக்குது."

"நம்ம மாநிலத்துக்கும் சேத்துதானே?"

"சேத்துதான்."

சேலையைக் கடைசி முழம் வரைக்கும் புரட்டிப் பார்த்துவிட்டு ஆட்டுகிற மாதிரித் தலையை ஆட்டினார். "சரி. பாலைக் காச்சு." காலை ஒன்பது மணி. காய்ச்சினேன். பேப்பரை அவர் கண்ணில் படாமல் மடித்து ஒளித்து வைப்பதற்குள் பாதிப் பால் அடுப்பில் பொங்கி ஊற்றியது.

அத்தோடு விட்டாரா? தினமும் விவரம் வேண்டும் அவருக்கு. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான், அந்த மாடியில் பாயோரம் உட்கார்ந்து, நாட்டுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு இரண்டு செடி. மூன்றாவதுக்கு எச்சரிக்கை மட்டும். மறைக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்றால் என்ன தண்டனை என்று கேட்டார். எங்கள் பக்கத்திலேயே அதில் வீணாய்ப் போன இரண்டு பிள்ளைகளை எனக்குத் தெரியும், அதனால் அதற்கு யோசிக்காமல் பத்து வருஷம் போட்டேன். "சின்னப் பொட்டலத்தோட மாட்டி உள்ள கெடக்கறவங்கள இன்னா பண்ணாங்க?" என்று இன்னொரு நாள் கேட்டார். அதை நான் நினைக்கவே இல்லை. "விட்டுட்டாங்களாம்," என்றேன். "அவங்க வீட்ல சந்தோஷப்படுவாங்க," என்று கண்ணை மூடினார். மகளிடம் விஷயத்தைச் சொன்னேன்.  மறுநாள் முதல் அவளும், "ஆமாப்பா, மாத்திட்டாங்கப்பா," என்றாள். வதினா தன் சேலையைக் கொடியிலிருந்து எடுத்துவிட்டாள். இந்தியா முழுவதிலும் எங்கள் மாடியில் மட்டும் சட்டம் மாறியிருந்தது. அங்கே அவர் நீட்டிப் படுத்துத் தூங்கினார்.

ஒருநாள் விழித்தவுடன், "அந்த எஸ்.ஐ. பொண்ணுக்குச் சொல்லிட்டியா?" என்றார். "இனிமே அது பயப்பட வேணாம்னு சொல்லு. நான் பொய் சொன்னதுக்கு மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு."

"சொல்லிட்டேங்க."

"இன்னா சொல்லுச்சு?"

"சந்தோஷப்பட்டுச்சு."

சித்திரையில் ஒரு மத்தியானம், பாயில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நல்ல சாவு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவருக்கு உண்மை தெரிந்துதான் குடித்தாரோ என்று வதினா கேட்கிறாள். எனக்குத் தெரியாது. மகள் இப்போதும் போனில், பேசிக்கினுதான் இருக்காங்கம்மா, மாறிடும் என்கிறாள். மாறட்டும், நல்லதுதான். அவரிடம் பொய்யைப் படித்துக் காட்டியதற்கு எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. பதினோரு நாள் உண்மையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.